ஒன்பது சிலிண்டரும் ஒரு ஜோடிக் காதும்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கொஞ்சம் முனகினாலும் அப்பா சோற்றுக் கையோடு எழுந்து போவார். "பேரிங் போச்சு" என்பார். "பேரிங் எங்கியும் போகாதுங்க, ரசந்தான் ஆறிப்போகும்" என்பாள் அம்மா. கோயம்புத்தூரில் பாதி வீடுகளில் இந்தச் சண்டை உண்டு. மோட்டார் செய்தே பிழைக்கிற ஊர். தோட்டத்துக்காரர் வரப்பில் நின்றபடியே கிணற்றுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, மெக்கானிக்கல் படித்து, கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, இந்த ஊரிலேயே இல்லாத ஒரு சத்தத்தின் மேல்தான் கிறுக்குப் பிடித்தது.

ரேடியல் எஞ்சின். ஜெட் வருவதற்கு முந்தைய விமானங்களின் மூக்கில் இருக்கும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுவே ஒரு தண்டு, அதைச் சுற்றி வட்டமாக சிலிண்டர்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் தலைக்கு மேலே போகிறவையெல்லாம் ஒன்று வானத்தைக் கிழிக்கும், இல்லாவிட்டால் விசிலடிக்கும். ரேடியல் அப்படியில்லை. முதலில் இருமும். ஒரு சிலிண்டர் பற்றும், அடுத்தது பற்றாது, இன்னொன்று பற்றலாமா என்று யோசிக்கும். வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கும். பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, எல்லாம் ஒரே பேச்சாகி, உங்கள் நெஞ்செலும்பில் தட்டும். காதில் கேட்பதற்கு முன்னால் எலும்பில் கேட்கும் சத்தம் அது.

ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டுத்தான் ஆரம்பித்தது. அப்புறம் விமானக் கண்காட்சி ஒன்றில் பழைய விமானம் பறக்கப்போகிறது என்று தெரிந்து பெங்களூருக்கு பஸ் ஏறினேன். இரண்டே சுற்று. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த யாரோ ஓர் அம்மா, "உள்ள யாராச்சும் சொந்தக்காரங்களா கண்ணு?" என்று தோளைத் தொட்டுக் கேட்டார்.

உலகம் முழுக்க எங்களை மாதிரிக் கிறுக்குகள் இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு குழு. ஒருவர் படமில்லாமல் சத்தத்தை மட்டும் போடுவார். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்: எந்த எஞ்சின், எத்தனை சிலிண்டர், எதில் கோளாறு. அதில் ஓர் ஆள் எப்போதும் ஒரே வரிதான் எழுதுவார். எட்டாவது பற்றவில்லை. கீழ் சிலிண்டரில் ஆயில் தேங்கியிருக்கிறது. தப்பியதே இல்லை. குளிர் நாடு ஒன்றில், வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒருநாள் தனியாகச் செய்தி அனுப்பி, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

"போத்தனூருங்க."

போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து பேக்கரியில் சந்தித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. சட்டையை உள்ளே விட்டு, பேனா குத்தியிருந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, "வண்டிய ஒருவாட்டி தள்ளுங்க அம்மணி," என்றார். ஸ்கூட்டரைத் தள்ளினேன். "பின் சக்கரத்து பேரிங்க மாத்திருங்க. மழைக்குத் தாங்காதுங்க." எனக்கு எதுவுமே கேட்கவில்லை. மாற்றினேன். மெக்கானிக் கழற்றிக் காட்டினான், உள்ளே துருப்பொடி.

அவருக்கு வேலை ஒரு மோட்டார் கம்பெனியில். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய ஓர் அறை. கதவைச் சாத்தினால் நம்முடைய மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும். மோட்டார்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து ஓட்டுவார்கள். சத்தம் எவ்வளவு என்று மெஷின் ஓர் எண் சொல்லும். அதற்குப் பிறகு இவர் சொல்ல வேண்டும். மெஷின் சரி என்று சொல்லியும் இவர் வேண்டாம் என்று ஒதுக்கிய மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தால் பேரிங்கில் எங்கேயோ மயிரிழைக் கீறல் இருக்கும். அதனால்தான் அந்த அறைக்கு மெஷினோடு ஒரு மனுஷனையும் வைத்திருந்தார்கள்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். டீயில் வர்க்கியை நனைத்தபடி சாதாரணமாகச் சொன்னார். "கோபிப் பக்கமுங்க. அப்பா அம்மா வாழைத்தோட்டத்துல கூலிக்குப் போவாங்க. தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள எங்களை உட மாட்டாங்க. ஆனா மோட்டார் நின்னுபோச்சுன்னா என்னன்னு பாருடாம்பாங்க. உள்ள போகாம எப்பிடிப் பாக்கறது? வெளிய செவுத்தோரமா நின்னு கேட்டுக் கேட்டுச் சொல்றதுதான்." வர்க்கி உடைந்து டீக்குள் விழுந்தது. விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அப்பிடி வந்ததுங்க இது."

அந்தக் காதை வைத்துத்தான் ஐடிஐ, அதை வைத்துத்தான் கம்பெனி, போத்தனூரில் ஒரு சின்ன வீடு, கல்யாணம், இங்கிலீஷ் மீடியத்தில் மகள். அவரிடமிருந்ததெல்லாம் காது வழியாக வந்தது. இதை முதல் நாளே தெரிந்துகொண்டுதான் அவரோடு பழகினேன்.

மூன்றாவது ஆள் என்னோடு படித்தவன். தாராபுரம் ரோட்டில், காற்றாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் விமானப் பொறியியல் துறைக்கு லெக்சரராகப் போயிருந்தான். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஃபோன். "ஏ, உன்ற மாமியா இங்க ஷெட்டுக்குள்ள துரு புடிச்சுக் கெடக்கறா. வந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ." போய்ப் பார்த்தால் ஒன்பது சிலிண்டர் ரேடியல். எப்போதோ கழித்துக் கட்டிய பயிற்சி விமானத்திலிருந்து பாடம் நடத்தக் கொண்டுவந்தது. இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, முன்னால் கம்பிவலை கட்டி, ப்ரொப்பெல்லரோடு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே குருவி கூடு கட்டியிருந்தது.

எங்கள் மூன்று பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்குள் போயின. போத்தனூரில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, பல்லடத்தில் இட்லி தின்று, ஷெட்டைத் திறந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவோம். பிரித்தோம், கழுவினோம், கிடைக்காததைப் பீளமேட்டில் கடைசல் பிடித்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஒரு மத்தியானம், அது இருமியது. லெக்சரர் ஷெட்டைச் சுற்றி ஓடினான். அவர் மட்டும் அசையாமல் நின்று, "நாலாவது வரல," என்றார். பிறகு, "வந்துருச்சு," என்றார். கன்னமெல்லாம் ஈரம்.

மாதம் ஒருமுறை, ஹாஸ்டல் காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டிக்கொள்ளக் கல்லூரி சம்மதித்தது. ஷெட் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் காதுமூடிகள் வரிசையாகத் தொங்கின. முதல் தடவை நான் ஒன்றை எடுத்து மாட்டினேன். லெக்சரர் சிரித்தான். "காதை மூடிட்டு ரேடியல் கேக்கறது, மூக்கைப் புடிச்சுட்டு பிரியாணி திங்கற மாதிரி." அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பஃப்ஸும் என் தலையில் கட்டினார்கள். அதுவே சட்டமாகிவிட்டது. மூடினவர் டீ வாங்க வேண்டும். அப்புறம் யாரும் மூடவில்லை.

ஓட்டி முடித்துத் திரும்பும்போது காதுக்குள் 'ஙீ' என்று மெல்லிசாக ஒரு விசில் கேட்டுக்கொண்டே வரும். லெக்சரர் அதற்குப் பிரசாதம் என்று பெயர் வைத்தான். "பிரசாதம் எப்ப வரைக்கும் இருந்துச்சு?" "எனக்கு ராத்திரியே போயிருச்சு." "எனக்குத் திங்கக்கெழமை மத்தியானம் வரைக்கும்." அதிக நேரம் இருந்தவருக்குப் பெருமை. "எங்க சர்ச்சுல அப்பந்தான் தருவாங்க, பிரசாதமெல்லாம் இல்லீங்க," என்பார் அவர். ஆனால் எப்போதும் அவருக்குத்தான் அதிக நாள் இருந்தது. கம்பிவலையை ஒட்டி, எங்கள் எல்லோரையும் விட எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்.

அவர் அங்கே நிற்பதற்குக் காரணமும் இருந்தது. ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் வால்வைத் திறந்து மூடுகிற ராக்கர் என்ற சின்னக் கை உண்டு. அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் ஒன்பதுக்கும் அடி என்கிறது பழைய கையேடு. வலையைக் கழற்றி, ஏணி போட்டு, ஒன்பதுக்கும் அடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். "எல்லாத்துக்கும் தேவையில்லீங்க. காஞ்சது கீச்சு கீச்சுன்னு கூப்பிடும். அதுக்கு மட்டும் அடிச்சாப் போதும்," என்றார் அவர். அப்படியே செய்தோம். லெக்சரர் சுவிட்சில், நான் ரெக்கார்டரோடு, அவர் வலை ஓரத்தில் வலது கையைத் தூக்கிக்கொண்டு. கை மேலே இருக்கும் வரை எஞ்சின் ஓடலாம். எங்கேயாவது கீச்சென்றால் கை இறங்கும். லெக்சரர் அணைப்பான். "ஆறாவதுங்க," என்பார். ஆறாவதைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்திருக்கும். அதைப் பார்க்கிற சுகம் எஞ்சினைக் கேட்கிற சுகத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இரண்டாவது வருஷத்தில் அவர் குழுவில் பதில் போடுவதைக் குறைத்தார். கேட்டால், "ஃபோன் ஸ்பீக்கர் சரியில்லீங்க." கை இறங்குவதும் குறைந்தது. எஞ்சின் பழகிவிட்டது, கோளாறு குறைந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஒருநாள் போத்தனூரில் அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நர்சரிப் பள்ளியில் டீச்சர். மகளுக்கு ஜடை பின்னிக்கொண்டு முற்றத்தில் இருந்தார். இவர் அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு, என்னோடு பேசிக்கொண்டிருந்தார். குக்கர் விசிலடித்தது. பேசினார். மறுபடி அடித்தது. பேசினார். மூன்றாவதும் அடித்தது.

"ஏனுங்க, காதுக்குப் பக்கத்துல அத்தன விசில் அடிக்குது, எந்திரிச்சு அமத்தக்கூடாதுங்களா?"

"பேச்சு சுவாரசியத்துல இருந்துபோட்டேன்."

"பருப்பு பாயாசமாப் போச்சு. அந்த சுவாரசியத்தையே ஊத்திச் சாப்புடுங்க."

சிரித்தோம். ஆனால் நான் கிளம்பும்போது அக்கா கேட் வரைக்கும் வந்தார். "பாப்பா பேசினா அவளோட வாயைப் பாத்துத்தான் பதில் சொல்றாரு, கண்ணு. பின்னால இருந்து கூப்பிட்டாத் திரும்பறதில்ல. டாக்டர்கிட்டப் போலாம்னா சளிங்கறாரு. கம்பெனில தெரிஞ்சா என்னாகும்னு நீயே சொல்லு. அந்த ரூமுக்கு வேற என்ன வேலைக்கு இவரை வெச்சிருக்காங்க?"

அடுத்த வாரம் மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் காதடைப்பான்கள் வாங்கிக்கொண்டு போனேன். பேக்கரியில் வைத்து, டாக்டரைப் பார்க்கலாம், அதுவரைக்கும் ஷெட்டில் இதையாவது வையுங்கள் என்றேன். மரியாதையாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எஞ்சின் நல்லாத்தான் கேக்குதுங்க, அம்மணி. பொய் சொல்லல. முன்னைக்கு இப்ப இன்னும் தெளிவாக் கேக்குது. வேற எரைச்சலே இல்லாம, அது மட்டும்."

அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நானும் பாதி நம்பிவிட்டேன். சத்தத்தால் கெடுகிற காது மேல் சுருதியிலிருந்து கெடும். கீச்சுகளும் விசில்களும் முதலில் போகும், 'தொம் தொம்' என்பது கடைசி வரை நிற்கும். இதை நான் படித்தது அப்புறம். அவருடைய காதைத் தின்ற சத்தத்தைத்தான் மிச்சமிருந்த காது நன்றாகக் கேட்டது. அதனாலேயே அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டன. எப்போது ஓட்டுகிறோம் என்று வார நடுவிலேயே ஃபோன் செய்வார்.

அந்த வருஷம் கல்லூரி விமானத் துறையை மூடப்போவதாகச் சொன்னது. சேர ஆளில்லை. லெக்சரர் பாங்க் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்திருந்தான். மிச்சமிருக்கும் ஞாயிறுகளை வீணாக்கக் கூடாது என்று கிளம்பினோம்.

வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்த நாள். காற்றாலைகள் எல்லாத் திசையிலும் சுற்றின. ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, அடியில் ஆயில் தேங்கவில்லை என்று பார்த்தோம். அவர் வலை ஓரத்துக்குப் போனார். சட்டைப்பையில் மஞ்சள் முனை தெரிந்தது. லெக்சரர் அதைப் பார்த்துவிட்டான். "என்னங்கண்ணா, இன்னைக்கு டீ உங்க செலவா?"

"பைக்குள்ளதானுங்க இருக்குது, காதுக்குள்ள இல்லையே," என்றார். கையைத் தூக்கினார்.

இருமியது. பற்றியது. சேர்ந்தது. தரை நடுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு கீச்சு கேட்டது. தகரக் கூரையில் குருவி என்று நினைத்து மேலே பார்த்தேன். குருவி இல்லை. லெக்சரரைப் பார்த்தேன். அவனும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தோம். கை மேலே இருந்தது. முகம் சிரித்தபடி இருந்தது. சரி, அவருக்குத் தெரியாததா. லெக்சரர் தோளைக் குலுக்கினான். கீச்சு அடுத்தடுத்து நெருங்கி வந்தது. நான் வாயைத் திறந்து ஏதோ கத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவனிடம் கையை ஆட்டினேன். அவன் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டறையில் சம்மட்டி விழுகிற மாதிரி ஒரே அடி. ஸ்டாண்ட் துள்ளியது. ஏதோ ஒன்று வலையைப் பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் ஓட்டை போட்டது. லெக்சரர் சுவிட்சை அணைத்தான். ப்ரொப்பெல்லர் இரண்டு மூன்று தரம் நொண்டி நின்றது. ஆயில் சொட்டுகிற சத்தம் மட்டும். வெளியே காற்றாலைகள்.

அவருடைய கை இன்னும் மேலேயே இருந்தது. தரை நடுங்குவது நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

யாருக்கும் அடியில்லை. மூன்றாவது சிலிண்டரின் ராக்கர் காய்ந்து இறுகி, வால்வு உடைந்து உள்ளே விழுந்து, தலையையே பிளந்துவிட்டது. பிளந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற லெக்சரர் திடீரென்று கத்தினான். "கீச்சு கேட்டுச்சேங்கண்ணா! எனக்கே கேட்டுச்சு! ஏன் கைய எறக்கல?"

"கேட்டிருந்தா எறக்கியிருப்பனே தம்பி."

"தெளிவாக் கேட்டுச்சுங்க!"

"உனக்குக் கேட்டுச்சுன்னா நீ ஏன் நிறுத்தல?"

"நீங்க நிக்கறீங்கன்னுதாங்கண்ணா!" அவன் சுவிட்சைக் காட்டினான். "நீங்க நிக்கறப்ப நான் எப்பிடி நிறுத்துவேன்?"

"சத்தம் இல்லீங்க," என்றார் என்னைப் பார்த்து. "இருந்திருந்தா எனக்குத்தான் மொதல்ல கேட்டிருக்கும். அம்மணிக்குத் தெரியும்."

நான் ரெக்கார்டரை ஃபோனில் இணைத்துப் போட்டேன். அவர் ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளி நின்ற எங்களுக்கே கீச்சு கேட்டது.

"எங்கீங்க?"

"இப்பங்கண்ணா," என்றேன்.

"இப்பவா?"

"ஆமாங்க. இப்பவும்."

சம்மட்டி அடி வந்ததும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மற்றக் காதில் வைத்தார். "ஆரம்பத்துல இருந்தே இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஃபோனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெளியே குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். லெக்சரர் போய், "விடுங்கண்ணா, எப்பிடியும் எடைக்குத்தான் போகப்போகுது," என்றான். அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவன் பேசியது அவருக்குக் கேட்கவில்லை என்று எங்களுக்கு அப்போது புரிந்தது.

திரும்பும்போது பல்லடம் தாண்டினோம். பின்சீட்டிலிருந்து என் தோளுக்கு மேலே குனிந்து, வேண்டியதற்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

"ஏழெட்டு மாசமா ரூம்ல மெஷின் சொல்றதத்தான் நானும் சொல்லிட்டிருக்கறனுங்க. கதவைச் சாத்துனா எனக்கு விசில்தான். அந்தப் பிரசாதம் போகவே இல்லீங்க அம்மணி."

நான் வண்டியை ஓரங்கட்டினேன். லாரிகள் போயின. "போலாமுங்க," என்றார். "பாப்பா பாத்துட்டிருக்கும்."

காது டாக்டரிடம் அக்காவோடு நானும் போனேன். பரிசோதனைத் தாளில் கோடு பாதி தூரம் நேராக வந்து, அங்கிருந்து கல்லுக்குழியில் இறங்குகிற மாதிரி செங்குத்தாக விழுந்திருந்தது. இரண்டு காதும். திரும்பி வராது என்றார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். மோட்டார் கம்பெனி என்று அக்கா சொன்னதும், "அதுதான், ஃபேக்டரி சத்தம்," என்று எழுதப்போனார்.

"இல்லீங்க," என்றார் இவர். "கம்பெனில எனக்குச் சத்தமே கெடையாதுங்க. அங்க இருக்கறதுலயே அமைதியான ரூம் என்னோடதுதான். இது ஞாயித்துக்கெழமைச் சத்தமுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை.

கம்பெனியில் அவரே போய்ச் சொன்னார். கடைசி மாதங்களில் அவர் சரியென்று விட்ட மோட்டார்களில் சில திரும்பி வர ஆரம்பித்திருந்தன. விரட்டவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி குத்துகிற வேலை. அந்த அறையில் இப்போது மெஷின் சொல்வதே முடிவு. எஞ்சின் ஷெட்டிலிருந்த மற்ற இரும்போடு எடைக்குப் போனது. ஆரஞ்சுக் காதுமூடிகள் புதுசு மாதிரியே இருந்தன, அவற்றையும் மூட்டை கட்டினார்கள். லெக்சரருக்கு பாங்க் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். பண்டிகைக்கு மட்டும் செய்தி அனுப்புகிறான். எஞ்சினைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் கேட்பதை விடவில்லை. குழுவில் இன்னும் இருக்கிறேன். கெட்ட புத்தி என்றுதான் அம்மா சொல்வாள், தெரிந்தால். நானும் சோதனை செய்துகொண்டேன், தாளில் என் வலது காதின் கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஊர் அடங்க அடங்க விசில் பெரிதாகிறதாம். வேறு ஏதாவது சத்தம் ஓடினால் அது அமுங்கும். ஃபேன் போதவில்லை. மழைச் சத்தம் அவருக்குக் கேட்பதில்லை. "அந்தக் கடைசி ஓட்டத்த எனக்கு அனுப்புங்க அம்மணி. ஒடையறது வேண்டாமுங்க. அதுக்கு முந்தி வரைக்கும் போதும்," என்று கேட்டார். உடைகிற இடத்துக்கு முன்னால் வெட்டி, முடிந்ததும் திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி ஒட்டி அனுப்பினேன். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு மத்தியானம், ஸ்கூல் இடைவேளையில் அக்கா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அந்தச் சத்தத்துல கீச்சு கீச்சுன்னு ஒண்ணு வருதில்ல."

"ஆமாங்கக்கா."

"அவருக்குத் தெரியறதில்ல. நானும் பாப்பாவும் முழிச்சுட்டுக் கெடக்கறோம். அது வேகமா வர்றப்பெல்லாம் அடுத்தது ஒடையப் போகுதுன்னு நான் எந்திரிச்சு உக்காந்துக்கறேன். ஒடையறதுக்குள்ள மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. அத மட்டும் எடுத்துப்போட முடியுமா உன்னால?"

முடியும். கீச்சு இருக்கிற சுருதியையும் அதற்கு மேலே உள்ளதையெல்லாமும் வெட்டினால் போதும். கம்பெனிக் கணினியில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கீச்சு இல்லை. அதோடு புகைபோக்கியின் வெடிப்பும், காற்றைக் கிழிக்கும் ப்ரொப்பெல்லரும், நான் பஸ் ஏறிப் போய் அழுத எல்லாமும் இல்லை. மிச்சம் ஒரு தொம் தொம். சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே விடாத மோட்டார் ரூமைக் கேட்கிற மாதிரி இருந்தது.

அதே பெயரில் அனுப்பினேன். அக்கா அவருடைய ஃபோனில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்.

அடுத்த வாரம் பேக்கரியில் அவர் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, வாயைத் தெளிவாக அசைத்துக் கேட்டேன். "தூக்கம் வருதுங்களாண்ணா?"

"வருதுங்க. அதப் போட்டா வந்துருது."

"சத்தம் நல்லா இருக்குதுங்களா?"

"எப்பவும் போலத்தானுங்க, அம்மணி," என்று வர்க்கியை டீயில் நனைத்தார். "அன்னைக்கு ஷெட்டுல கேட்டனே, அப்பிடியே இருக்குது. ஒரு பொட்டு மாறல."